வள்ளலார் நடந்த வழிகள்

வடலூர் இராமலிங்க அடிகளாரைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள நூல்கள் மிகப் பல. அருட்பா அருளிய கவிஞராகவும், சமரச சுத்த சன்மார்க்கம் கண்ட ஞானியாகவும், பசிப்பிணி தீர்த்த வள்ளலாகவும், சாதி சமயப் பிணக்குகளைச் சாடிய சீர்திருத்தச் செம்மலாகவும் அவரை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். இவ்வனைத்திற்கும் அடியில் எளிய செய்தி ஒன்று கிடக்கின்றது. அடிகளார் தம் வாழ்நாள் முழுவதும் நடந்தவர். இளமையில் நாள்தோறும் நடந்தார். நடுவயதில் நகரை விட்டு நடந்தார். பின்னர்ச் சிற்றூர்ப் புறங்களிலும் காட்டோரங்களிலும் தனியே திரிந்தார். அந்நடை அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே வாழும் நமக்கு இச்செய்தி தொலைவில் உள்ளதன்று. அவர் நடந்த மண் நம் காலடியிலேயே இருக்கின்றது.

மருதூரும் தில்லையும்

சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை, தாயார் சின்னம்மையார். இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியருமாவார். சபாபதி, பரசுராமன் என்னும் ஆண்மக்கள் இருவருக்கும், சுந்தரம்மாள், உண்ணாமலை என்னும் பெண்மக்கள் இருவருக்கும் பின்னர், ஐந்தாம் மகவாக இராமலிங்கர் தோன்றினார்.

ஐந்து திங்கள் குழந்தையாக இருந்தபோது பெற்றோர் அவரைத் தில்லைக்கு எடுத்துச் சென்றனர் என்றும், சிற்றம்பலத்தில் திரை விலகித் தீபாராதனை நிகழ்ந்தபோது குழந்தை வாய்விட்டுச் சிரித்தது என்றும் வரலாறு கூறும். பிறர் தோளில் அவர் சென்ற பயணம் அது ஒன்றே எனலாம். சில திங்களுக்குள் தந்தையார் மறைந்தார். தாயார் மக்களுடன் தம் பிறந்த ஊராகிய பொன்னேரியை அடுத்த சின்னகாவணத்திற்குச் சென்று, பின்னர்ச் சென்னையை அடைந்தார். தில்லையை மீண்டும் கண்டு அதனருகே வாழும் பேறு இராமலிங்கருக்கு முப்பத்தைந்தாம் அகவையில்தான் வாய்த்தது.

ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூருக்கு

சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் அக்குடும்பம் வாழ்ந்தது. மூத்தவர் சபாபதிப் பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார். தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினார். தாம் பயின்ற காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமும் அனுப்பினார். தம்பியோ ஏட்டை விட்டுக் கந்தகோட்டத்தை நாடினார். வீட்டில் அடங்காத பிள்ளை என்ற பெயர் வந்தது. அண்ணனின் சினத்துக்கும் அண்ணியாரின் பரிவுக்கும் இடையே அவர் வளர்ந்தார்.

ஏறத்தாழப் பன்னிரண்டாம் அகவையில் திருவொற்றியூர் வழிபாடு தொடங்கியது. ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூர்த் தியாகேசர் திருக்கோயில் ஏழெட்டுக் கிலோமீட்டர்த் தொலைவிலுள்ளது. அவ்வழியை அவர் இருபத்து மூன்று ஆண்டுகள் நடந்தார். வடிவுடை மாணிக்க மாலையும் எழுத்தறியும் பெருமான் மாலையும் அந்நடையின் விளைச்சல்கள். ஒருநாள் வழிபாடாகத் தொடங்கியது வாழ்க்கை முறையாகவே ஆயிற்று.

அந்நடையைப் பற்றி இரண்டு செவிவழிச் செய்திகள் வழங்குகின்றன. இரண்டும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. ஒற்றியூர்த் தேரடித் தெருவில் ஆடையற்ற துறவி ஒருவர் இருந்தாராம். வழியே செல்வோரைப் பார்த்து, இதோ மாடு போகிறது, இதோ நாய் போகிறது என்று அவரவர் இயல்புக்கேற்ற விலங்கின் பெயரைச் சொல்வது அவர் வழக்கமாம். இராமலிங்கர் அவ்வழியே வந்த நாளில்தான் மனிதன் ஒருவன் போவதாகச் சொல்லி, அருகில் கிடந்ததைக் கொண்டு தம் உடலை மறைத்துக் கொண்டாராம். தெருவில் நடப்பவனை ஒருவர் உற்றுப் பார்த்து மதிப்பிட்ட கதை இது.

இன்னொன்று இராப் பொழுதில் நிகழ்ந்தது. ஒற்றியூரிலிருந்து நெடுநேரங் கழித்துத் திரும்பிய ஓர் இரவில் வீட்டுக் கதவு அடைத்திருந்தது. உறங்குவோரை எழுப்ப மனமின்றி, பசியோடு திண்ணையில் படுத்துக் கொண்டார். சற்று நேரத்தில் அண்ணியார் வந்து எழுப்பி உணவளித்துச் சென்றார். பின்னர்க் கதவு திறந்து வந்த அண்ணியார் மீண்டும் உண்ண அழைத்தபோதுதான், முன்னர் வந்தவர் வடிவுடையம்மை எனத் தெரிந்தது என்பர். அருட்செயல் என்று நம்புவோர் நம்பட்டும். நம்பாதோர்க்கும் இக்கதையில் ஓர் உண்மை எஞ்சி நிற்கின்றது. நெடுவழி நடந்து வந்தவனுக்குப் பசி உண்டு, கதவு அடைத்திருக்கும், எவரேனும் ஒருவர் சோறு கொண்டுவர வேண்டும். அந்தத் திண்ணையை நாம் பின்னரும் நினைக்க வேண்டியிருக்கும்.

நடையைப் பற்றி அவரே தரும் சான்று

அடிகளார் எவ்வாறு நடந்தார்? இதற்கு அவர் பாடலிலேயே சான்று உண்டு. ஆறாம் திருமுறையில் அமைந்த பிள்ளைப் பெரு விண்ணப்பம் என்னும் நெடும் பாடல் தம் இளமை முதலான வரலாற்றை இறைவனிடம் முறையிடும் பகுதி. அதில் தம் நடையையும் சொல்கிறார். கையை வீசி நடப்பதற்கு நாணியதால் கைகளைக் கட்டிக் கொண்டே நடந்ததாகவும், உடலைப் பிறர் காணக் காட்ட அஞ்சி வெண்துகிலால் முழுதும் போர்த்திக் கொண்டதாகவும், பிறருடைய தோற்றத்தையும் நடையையும் ஊன்றிப் பார்த்ததே இல்லை என்றும் அங்குக் கூறுகிறார். வெள்ளாடை முக்காடிட்டுக் கைகட்டி நிற்கும் அவர் படம் இன்று தமிழ்நாடெங்கும் உள்ளது. அதனை நிற்கும் கோலம் என்றே நாம் கருதி வந்தோம். பாடலோ அதனை நடக்கும் கோலம் என்கிறது.

அடுத்து வருவது இன்னும் ஆழமானது. பசுக்களும் கன்றுகளும் கதறியபோதெல்லாம் தாம் அஞ்சியதாகவும், மாடு முதலிய விலங்குகள் இளைத்திருக்கக் கண்டு தம் உள்ளம் இளைத்ததாகவும் அதே பாடலில் கூறுகிறார். வேறிடத்தில், நீரின்றி வாடி நின்ற பயிரைக் கண்டபோதும், வீடுதோறும் இரந்தும் பசி தீராமல் அயர்ந்தவரைக் கண்டபோதும் தாம் பட்ட துயரத்தைப் பாடியுள்ளார். இவை அறையிலிருந்து எண்ணிப் பாடியவையாகத் தோன்றவில்லை. வயலோரம் செல்பவனே பயிரின் முகத்தை அறிவான். தெருவழியே செல்பவனே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் இரவலனைக் காண்பான். விரையும் ஊர்தியில் செல்பவனுக்குப் பயிர் வெறும் பச்சை நிறம். நடப்பவனுக்கு அது ஓர் உயிர். பிறர் ஆடையையும் அழகையும் ஊன்றிப் பாராத அந்தக் கண்கள், பிறர் பசியை மட்டும் ஊன்றிப் பார்த்தன என்பது இங்கு எண்ணத்தக்கது.

சென்னையை விட்டு நீங்கல்

1858-ஆம் ஆண்டில் அடிகளார் சென்னையை விட்டு நீங்கினார். அதற்குள் அவர் பெயர் பரவியிருந்தது. 1851-இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854-இல் மனுமுறை கண்ட வாசகம் வெளிவந்தது. தமக்கை உண்ணாமலையின் மகள் தனக்கோடியை உறவினர் வற்புறுத்தலால் மணந்திருந்தார். ஆயினும் இல்லறத்தில் அவர் மனம் நிலைக்கவில்லை. தொழுவூர் வேலாயுத முதலியார் போன்ற மாணவரும் அன்பரும் அவரைச் சூழ்ந்திருந்தனர். நகரில் இருந்தே புகழ்பெற வழியிருந்தது. அவ்வழியை அவர் விரும்பவில்லை.

அக்காலச் சூழலை இங்கு நினைவுகூர்தல் தகும். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கித் தொடங்கப்பெற்றது. ஏழுகிணற்றுக்கும் ஒற்றியூருக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியிலேயே இராயபுரம் அமைந்துள்ளது. தமிழகத்தில் புகைவண்டி புறப்பட்ட அதே பகுதியில், அதே காலத்தில், கைகட்டி நடந்து சென்றவர் இராமலிங்கர். தெற்கே சிதம்பரம் வழியே இருப்புப்பாதை வந்தது 1870-களின் பிற்பகுதியில்தான். ஆதலின் சென்னையிலிருந்து தில்லைக்கு வர விரும்புவோர்க்குக் காலும் மாட்டு வண்டியுமே துணை. இளைத்த மாட்டைக் கண்டு தாமும் இளைத்தவர் எதைத் துணையாகக் கொண்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

தலங்கள் பலவற்றை வணங்கித் தில்லையை அடைந்தார். அங்கே கருங்குழி மணியக்காரர் வேங்கட ரெட்டியார் அவரைக் கண்டு தம் ஊருக்கு அழைத்தார். அடிகளார் அதற்கு இசைந்து, 1858 முதல் 1867 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கருங்குழியில் அவர் இல்லத்தில் தங்கியிருந்தார். மணியக்காரர் வீட்டில் ஓர் அறை அவருக்கு இருந்தது. ஆயினும் அவர் பொழுதெல்லாம் அவ்வறைக்குள் கழியவில்லை.

பருக்கைக் கல்லும் புன்செய்க் களமும்

மேலே சுட்டிய விண்ணப்பப் பாடலில், செல்வம் மிகுந்த சென்னையில் இருந்தால் தொல்லை நேரும் என்றஞ்சி நாட்டுப்புறத்துச் சிறிய ஊர்களை அடைந்ததாக அடிகளார் சொல்கிறார். அவ்வூர்களின் புறத்தே இருந்த காட்டிலும், பருக்கைக் கல்லிலும், புன்செய்க் களத்திலும் திரிந்து தாம் உற்ற இளைப்பு ஏட்டில் எழுதி முடியாதது என்றும் கூறுகிறார். நம் மாவட்டத்தார்க்கு இப்பகுதி தனியாக விளங்கும். பருக்கைக் கல் என்பது இங்கே கவிதைக்குரிய கற்பனைச் சொல்லன்று, காலில் குத்துவது.

வடலூர், கருங்குழி, நெய்வேலிப் பகுதி ஆற்று வண்டல் படிந்த நிலமன்று. அது செம்மண் மேடு. நிலவியலார் இந்நிலத்தின் அடியிலுள்ள பாறை அடுக்கைக் கடலூர் மணற்கல் என்று நம் ஊர்ப் பெயராலேயே வழங்குவர். மேலே இரும்புச் சத்து ஏறிய சிறு கற்கள் செந்நிறமாகப் பரவிக் கிடக்கும். இன்று முந்திரியும் பலாவும் நிற்கும் இடங்கள் பல அன்று முட்புதரும் மேய்ச்சல் வெளியுமாய் இருந்திருக்கும். அந்நிலத்தின் ஆழத்தில் இருந்த பழுப்பு நிலக்கரியைத் தோண்ட நெய்வேலி நிறுவனம் 1956-இல் தோன்றியது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், அதே மேட்டின் மேல் ஒருவர் தனியே நடந்து கொண்டிருந்தார்.

அங்கிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கருங்குழியில் வாழ்ந்த நாளில் அடிகளார் அடிக்கடி தில்லைக்குச் சென்று வந்தார். செம்மேட்டை விட்டு இறங்கினால் பரவனாற்றுப் பள்ளம்; அதன்பின் நெல்வயல்கள்; புவனகிரியருகே வெள்ளாறு; அதைக் கடந்தால் தொலைவில் கோபுரம். வறண்ட நிலத்திலிருந்து நீர்வளம் மிக்க நிலத்திற்கு ஒரே பகலில் இறங்கிச் செல்லும் வழி இது. மேட்டில் வாடும் பயிரையும் பள்ளத்தில் செழித்த பயிரையும் அடுத்தடுத்துக் காட்டும் இவ்வழி, ஏன் இங்கே பசி, ஏன் அங்கே நிறைவு என்ற வினாவை நடப்பவன் உள்ளத்தில் எழுப்பாமல் விடாது.

ஒரு விடுமுறை நாளில் மாணவியர் சிலரைக் கருங்குழியிலிருந்து வடலூருக்கு நடத்தி அழைத்துச் சென்றேன். வகுப்பறையில் இவ்விண்ணப்பப் பகுதியைப் படித்தபோது சொற்பொருள் எழுதிக் கொண்டவர்கள் அவர்கள். வெயில் ஏறிய பின் ஒரு மாணவி வினவினாள்: இளைப்பை எழுத முடியாது என்கிறவர் ஏன் திரும்பத் திரும்ப நடந்தார்? நல்ல வினா. அடிகளார் இந்நடையை இன்பம் என்று எங்கும் கூறாமல் இளைப்பு என்றே கூறுகிறார். ஆயினும் அவரை எவரும் துரத்தவில்லை. மணியக்காரர் வீட்டு நிழல் இருந்தும் வெயிலைத் தேர்ந்தவர் அவர். தானே விரும்பி ஏற்கும் இளைப்பு, ஓய்வைவிட இனிதாகும் நேரங்கள் உண்டு. வியர்வை காய மரநிழலில் அமர்ந்து ஒரு குவளை நீர் பருகியபோது அம்மாணவியே தன் வினாவுக்கு விடை கண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அப்பர் வழியும் தோரோ வழியும்

நடந்த அருளாளர் மரபு நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. திருவாமூரில் பிறந்து, திருவதிகையில் ஆட்கொள்ளப்பெற்று, கல்லில் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகப் போற்றப்படும் திருநாவுக்கரசர் தமிழகமெங்கும் காலால் நடந்தவர். சம்பந்தர் முத்துச் சிவிகையில் வர, அச்சிவிகையைத் தாங்கியவர்களுள் ஒருவராக அப்பர் நின்ற செய்தியைப் பெரியபுராணம் கூறும். இராமலிங்கர் தம் குருவாகக் கொண்டது சம்பந்தரை. ஆனால் கால்கள் பின்பற்றியது அப்பரை.

மேலை நாட்டிலும் அக்காலத்தில் நடையை ஒரு நோன்பாகக் கொண்ட ஒருவர் இருந்தார். அமெரிக்க அறிஞர் தோரோ 1817-இல் பிறந்தவர். இராமலிங்கரைவிட ஆறாண்டு மூத்தவர். 1845 முதல் இரண்டாண்டுக்குச் சற்றுக் கூடுதலாக வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் தனித்து வாழ்ந்தார். நடை என்னும் பொருள் குறித்து அவர் எழுதிய கட்டுரை அவர் மறைந்த 1862-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நகர வாழ்வின் நெருக்கடி, பொருளாசையின் மேல் வெறுப்பு, தனிமை நாட்டம், இயற்கையில் தோய்தல் ஆகியவற்றில் இருவரும் ஒருவரையொருவர் அறியாத உறவினர் போல்வர்.

ஆனால் ஓரிடத்தில் வழி பிரிகின்றது. தோரோவுக்கு நடை பெரிதும் தன் விடுதலை. ஊரை மறந்து காட்டில் தன்னைக் காண்பது அதன் பயன். இராமலிங்கரும் ஊரை அஞ்சியே காட்டோரம் சென்றார். ஆனால் அங்கே அவர் கண்டது மீண்டும் ஊரின் பசியே. அவருடைய தனிமையைப் பிறர் துயரம் பின்தொடர்ந்தது. நடை அவருக்குத் தப்பிச் செல்லும் வழியாகத் தொடங்கித் திரும்பி வரும் வழியாக முடிந்தது. வாழ்வின் திருப்பம் இதுவே என்பது என் கருத்து.

அடையாத கதவு, அணையாத அடுப்பு

1865-இல் சன்மார்க்க சங்கம் நிறுவப்பட்டது. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரம் என வழங்கிய அவ்வூரார் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகின்றது. சாதி, சமயம், ஊர், மொழி என்ற எவ்வேறுபாடும் பாராமல் பசித்து வந்தவர் எவராயினும் உணவளிப்பதே அச்சாலையின் நெறி.

வடலூர் அமைந்த இடத்தையும் நோக்குதல் வேண்டும். சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியும், கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியும் சந்திக்கும் இடம் அது. தலப்பயணிகள், வேலை தேடுவோர், இரவலர், துறவியர் எனப் பலரும் கடந்து போகும் கூட்டுச் சாலை. நடப்பவர்களின் வழியை நடந்தே அறிந்த ஒருவர், அவர்கள் பசிக்கும் இடத்தில் அடுப்பை வைத்தார். ஏழுகிணற்றுத் திண்ணையை இப்போது மீண்டும் நினைப்போம். அடைத்த கதவின் முன் பசியோடு படுத்தவருக்கு அன்னையொருத்தி சோறிட்டதாகக் கதை சொல்கிறது. வடலூரில் அவர் செய்தது, அந்த அன்னையின் வேலையைத் தாமே ஏற்றுக் கொண்டது. நெடுவழி வந்தவன் எந்நேரத்தில் வந்தாலும் அடையாத கதவும் அணையாத அடுப்பும் இருக்க வேண்டும் என்பதே அங்குச் சட்டம்.

அதே 1867-ஆம் ஆண்டில்தான் இறுக்கம் இரத்தின முதலியார், வேலாயுத முதலியார் முதலிய அன்பர்களின் முயற்சியால் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின. அதன் முதலில் அமைந்தது இறைவன் திருவடிகளைப் போற்றும் திருவடிப் புகழ்ச்சி. நூல் வெளியீடு எதிர்ப்பையும் கொணர்ந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இப்பாடல்களை அருட்பா என்று வழங்குவதை மறுத்தார். பூசல் முற்றி 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. தமிழ்த் தொண்டால் உயர்ந்த இருவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது வருந்தத்தக்கது. கடலூர் வழி அடிகளாருக்கு விரும்பி நடந்த வழியாக இராத ஒரே நேரம் இதுவாகலாம். வழக்கு முடிந்ததும் அவர் திரும்பிச் சென்றது சாலையின் அடுப்படிக்கே.

பெருவெளியும் மேட்டுக்குப்பமும்

இக்காலத்தில் அவருடைய தில்லை நடை குறைந்தது. சடங்கும் சமயமும் கடந்த வழிபாட்டை அவர் உள்ளம் நாடியது. ஊரார் கொடுத்த வெட்டவெளியில் தாமே வகுத்த அமைப்பின்படி எண்கோண வடிவில் சத்திய ஞானசபையை எழுப்புவித்தார். 1872-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று அங்கே முதல் வழிபாடு நடந்தது. அவ்விடத்தை உத்தரஞான சிதம்பரம் என்று அவர் வழங்கினார். சிதம்பரத்தை நோக்கி நடந்தவர் இறுதியில் ஒரு சிதம்பரத்தைத் தாம் நடந்த மேட்டிலேயே கண்டார்.

சபையைச் சுற்றிப் பெரும்பரப்பை வெற்றிடமாகவே விட்டது தற்செயலன்று. வெளி என்பது அவர் மெய்ப்பொருளுக்கு இட்ட பெயர்களுள் ஒன்று. திறந்த நிலத்தில் நெடுங்காலம் திரிந்தவர்க்கு அச்சொல் ஏட்டறிவால் மட்டும் வந்திராது. 2024-இல் அப்பெருவெளியில் பன்னாட்டு மையம் ஒன்றை எழுப்ப அரசு அடிக்கல் நாட்டியபோது பார்வதிபுரத்தாரும் அன்பர் பலரும் எதிர்த்தனர், வழக்குகளும் எழுந்தன. கட்டடத்தின் தேவை பற்றிக் கருத்துகள் வேறுபடலாம். வெறும் நிலம் போல் தோன்றுவதும் ஒருவர் விட்டுச் சென்ற செல்வமாகலாம் என்பதை அவ்வூரார் நாட்டுக்கு நினைவூட்டினர்.

அடிகளாரின் இறுதி ஆண்டுகள் மேட்டுக்குப்பத்தில் கழிந்தன. 1870-இல் அங்குள்ள சித்திவளாகம் என்னும் சிறு மாளிகைக்குச் சென்றார். கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் மூன்றும் நடந்தே சென்று வரக்கூடிய ஊர்கள். சென்னையையும் தலங்கள் பலவற்றையும் கண்ட கால்கள் கடைசியில் இச்சிறு வட்டத்துக்குள் அமைந்தன. 1873 அக்டோபர் 22-இல் அங்கே சன்மார்க்கக் கொடியேற்றிப் பேருரை நிகழ்த்தினார். 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் இரவு சித்திவளாக அறைக்குள் புகுந்து தாழிட்டுக் கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. 1878-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் ஆங்கில அதிகாரி கார்ஸ்டின் இதைக் குறித்துள்ளார். அடைத்த கதவுக்கு வெளியே அன்று நின்றவர்கள் அன்பர்கள். சாலையின் கதவோ அப்போதும் திறந்தே இருந்தது. இரண்டே ஆண்டில் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது, அச்சாலையில் அடுப்பு எரிந்து கொண்டிருந்தது.

இன்று நடப்போர்க்கு

ஆண்டுதோறும் தைப்பூசத்தில் வடலூருக்கு நடந்தே வருவோர் பல்லாயிரவர். பூசத்தை அடுத்து, அடிகளார் பயன்படுத்திய பொருள்கள் கொண்ட பேழை வடலூரிலிருந்து கருங்குழி வழியாக மேட்டுக்குப்பத்துக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. மக்களும் உடன் நடக்கின்றனர். வழிநெடுக ஊரார் மோரும் நீரும் சோறும் தந்து நிற்கின்றனர். நடப்பவனும் ஊட்டுபவனும் ஒரே சாலையில் சந்திக்கும் அக்காட்சியே அடிகளார் வாழ்வின் சுருக்கம்.

மற்ற நாள்களிலும் நாம் நடக்கிறோம். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் விடியலில் நடப்போர் உண்டு. சிதம்பரத்துத் தேரோடும் வீதிகள் நான்கையும் மாலையில் சுற்றி வருவோர் உண்டு. உடல்நலத்துக்கென நடப்பது நல்லது. விடுமுறையில் காடும் மலையும் காணச் செல்வதும் நல்லது. அடிகளாரும் தம் உள்ளத்தின் அமைதிக்கென்றே நடக்கத் தொடங்கினார். அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் நடக்கும்போது அவர் கண் வழியில் இருந்தது. வாடிய பயிர், இளைத்த மாடு, கதவருகே நின்ற இரவலன் ஆகியவற்றை அவர் கடந்து போகவில்லை. நாம் எத்தனை கல் நடந்தோம் என்று கணக்கிட இன்று கைக்கடிகாரமே போதும். வழியில் யாரைக் கண்டோம் என்ற கணக்கை நாமே வைத்துக் கொள்ள வேண்டும்.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் ஒன்றைக் கேட்டுக் கொள்கிறேன். அருட்பாவைப் படித்த அன்பர்கள் ஒருநாளேனும் கருங்குழியிலிருந்து வடலூருக்கு நடந்து செல்லுங்கள். பொழுது ஏறுமுன் புறப்பட்டால் வெயில் தெரியாது. சாலைக்குச் சென்று, பந்தியில் அமர்ந்து, பக்கத்திலிருப்பவர் யார் என்று கேளாமல் உண்ணுங்கள். விளக்கவுரைகள் தராத ஒரு விளக்கம் அந்தச் சோற்றில் கிடைக்கும்.